பழைய ஜெர்மன் ராணுவப் பேட்ஜ்: முதல் தடவை வாங்குபவர் எதை எடுக்கலாம்?

நாணயம், தபால்தலை என்று சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல ராணுவப் பதக்கங்கள் பக்கம் நகரும்போது கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கையில் ஓர் அளவான தொகை இருக்கிறது. அதற்கு முதல் உலகப் போரின் இரும்புச் சிலுவை ஒன்று கிடைக்கும், ஆனால் பெயின்ட் உதிர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பேட்ஜ் ஒன்றும் கிடைக்கும், புதுக்கருக்கு மாறாதது. எதை எடுப்பது? ஜெர்மனியில் வசிக்கும் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்துவிட்டுப் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். இந்தியாவிலிருந்து கேட்பவர்கள் ஏலத் தளத்தின் படத்தை வைத்துக் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பொருளை அழகை வைத்தும் எடுக்க வேண்டாம், அரிதா இல்லையா என்பதை வைத்தும் எடுக்க வேண்டாம். ஒரு லென்ஸும் காந்தமும் வைத்துக்கொண்டு, வேறு யாரையும் நம்பாமல், இது அசல் என்று உங்களால் சொல்ல முடிகிற பொருளை எடுங்கள். கீழே ஐந்து பொருட்களை ஒப்பிடுவது அந்தக் கணக்கில்தான்.

## எதை வைத்து அளப்பது

அசலா போலியா என்று இரண்டே பெட்டிகளில் போட்டுவிட முடியாது. போர்க்காலத்தில் அரசே வழங்கியது ஒரு நிலை. பதக்கம் பெற்ற வீரர், கூடுதலாக ஒன்று நகைக்கடையில் காசு கொடுத்து வாங்கியது இன்னொரு நிலை. ஜெர்மனியில் இது சாதாரண வழக்கம். அதனால் அரசு தந்த வடிவத்திலிருந்து கொஞ்சம் மாறியிருப்பதாலேயே ஒன்று போலி ஆகிவிடாது. தொலைத்த வீரர் 1920-களிலோ 1930-களிலோ வாங்கிய மாற்றுப் பதக்கம் மூன்றாவது நிலை. போர் முடிந்த பிறகு, பழைய அச்சுகளை வைத்தே சேகரிப்பாளர்களுக்காக அடித்தது நான்காவது. வியன்னாவின் ரூடோல்ஃப் ஸூவால் நிறுவனம் இப்படிச் செய்தது சேகரிப்பாளர் உலகில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அச்சு அசல், நிறுவனம் அசல், காலம் மட்டும் அசல் இல்லை. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் செய்த பிரதியும், ஏமாற்றவென்றே பழசாக்கிய போலியும் அதற்குக் கீழே வருகின்றன. இவை தவிர, இரண்டு உடைந்த அசல்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்த ஒட்டுப் பொருளும் உண்டு. ஒவ்வொரு பாகமும் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் பொய்.

ஆகவே முதல் அளவுகோல்: இந்த நிலைகளில் எது என்று நீங்களே கண்டுபிடிக்க அந்தப் பொருள் எவ்வளவு இடம் தருகிறது?

இரண்டாவது, பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. இதில் நான் பார்ப்பது தேய்மானத்தை அல்ல, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதை. எண்பது, நூறு வருடப் பொருள் தேய்ந்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. மறுபடி பெயின்ட் அடித்தது, பின்பக்கக் குத்தூசியை மாற்றியது, பாலிஷ் போட்டது, இவைதான் குறை.

மூன்றாவது, உலோகம் இனிமேல் எப்படி இருக்கும் என்பது. சில உலோகங்கள் நூறு வருடம் தாங்கும். சில உங்கள் அலமாரியிலேயே கெட்டுப்போகும்.

நான்காவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு: நிபுணர் சான்று, திருப்பி அனுப்பும் கூரியர், சட்டச் சிக்கல், மறுபடி விற்கும்போது கிடைக்கும் ஆட்கள். நாஜிச் சின்னம் உள்ள பொருளானால் இது பெரிய விஷயம். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் தடை செய்கிறது. ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் சந்தையில் மேசைமேல் திறந்து வைக்க முடியாது. அங்குள்ள ஏல நிறுவனங்கள் படத்தில் சின்னத்தை மறைத்து வெளியிடுவது அதனால்தான். ஆஸ்திரியாவிலும் தனிச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் இவற்றை வியாபாரம் செய்வதே மத்திய சட்டப்படி குற்றம். இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குபவருக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். பின்னால் விற்கப் போகும்போது, சந்தையில் பாதி மூடிக்கிடப்பது தெரியவரும்.

## 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு

இரும்புச் சிலுவையைத் தொடங்கியவர் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம், 1813-இல், நெப்போலியனுக்கு எதிரான போருக்காக. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். 1870-இல் ஒருமுறை புதுப்பித்தார்கள், 1914 ஆகஸ்ட் 5-இல் மறுபடியும். முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்பு 50 லட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். முதல் வகுப்பு சுமார் 2,18,000. அதாவது இரண்டாம் வகுப்பு அரிய பொருளே இல்லை. புதியவருக்கு அதுதான் நல்லது. சாதாரணப் பொருளைப் போலி செய்து யாருக்கும் பெரிய லாபம் கிடைக்காது.

இதை நான் முதலில் வைக்கக் காரணம் அதன் கட்டுமானம். நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புத் தகடு. அதை முன்னும் பின்னுமாக இரண்டு வெள்ளிச் சட்டங்களுக்கு நடுவில் வைத்து, விளிம்பில் பற்றவைத்திருப்பார்கள். மூன்று பாகம். விளிம்பைச் சாய்த்து லென்ஸில் பார்த்தால் இரண்டு சட்டங்களும் சேரும் கோடு தெரியும். நன்றாக அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் காட்டிக் கொடுக்கும். ஒரே துண்டாக வார்த்து விளிம்புக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்த மலிவுப் பிரதியில் இந்தக் கோடு இருக்காது. காந்தம் நடுத்தகட்டில் ஒட்ட வேண்டும், சட்டத்தில் ஒட்டக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. காந்தம் ஒட்டாத உள்தகட்டோடு வந்த அசல்களும் உண்டு. காந்தம் ஒட்டுகிற, மூன்று பாகமாகவே செய்த நல்ல பிரதிகளும் உண்டு. காந்தமும் கோடும் மலிவுப் பிரதிகளை வடிகட்டத்தான் உதவும். அதற்கு மேல் பார்க்க வேண்டியது அச்சின் கூர்மை. முன்பக்கம் நடுவில் டபிள்யூ எழுத்து, மேலே கிரீடம், கீழே 1914. பின்பக்கம் ஓக் இலைகளும் 1813-உம். கிரீடத்திலுள்ள சின்ன முத்துகள், 1914-இன் நான்காம் எண்ணின் மூலை, சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் மணிவரிசை, இவை மூன்றையும் பாருங்கள். அச்சில் அடித்ததில் மணிகள் தனித்தனியாக நிற்கும். வார்ப்பில் எல்லாம் பாதி கரைந்த சோப்புக் கட்டியின் மேல் உள்ள கம்பெனிப் பெயர் போல மழுங்கியிருக்கும். குழிகளில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழ்த் தடங்கள் தெரிந்தால் விவாதமே வேண்டாம்.

மேலே உள்ள வளையத்தில் 800 என்று வெள்ளித் தரமோ, தயாரிப்பாளரின் எழுத்துகளோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முத்திரை இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். அரிய தயாரிப்பாளரின் முத்திரை கண்டால் விலை ஏறும் என்பதால், போலிக்காரர்கள் முதலில் குத்துவது அதைத்தான். சாதாரணச் சிலுவையை வாங்கி, வளையத்தை மட்டும் மாற்றிய ஒட்டு வேலைகளும் வருகின்றன. வளையம் சேரும் இடத்தில் வெள்ளியின் நிறம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தேய்மானத்தைப் படிக்க, அதை எப்படி அணிந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிலுவையைப் பெரும்பாலும் தினமும் மாட்டிக்கொள்வதில்லை. அதன் ரிப்பனை மட்டும் சட்டையின் பித்தான் துளையில் கோத்திருப்பார்கள். சிலுவை வீட்டில் டப்பாவில் கிடக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள இரண்டாம் வகுப்பைக் கண்டு சந்தேகப்பட வேண்டியதில்லை. நேர்மாறாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து, குழிகளில் மட்டும் கறுப்பு நிரம்பியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். யாரோ ரசாயனத்தில் முக்கிப் பழசாக்கியிருக்கலாம். முதல் வகுப்பு மார்பில் பின்னால் குத்தி அணிவது, அதன் முதுகு கம்பளித் துணியில் உரசிக்கொண்டே இருந்திருக்கும், அங்கே மென்மையான தேய்மானம் எதிர்பார்க்கலாம்.

ரிப்பன் போர்முனை வீரருக்குக் கறுப்பு, ஓரத்தில் வெள்ளை. களத்துக்குப் போகாதவருக்கு நிறம் தலைகீழ். புற ஊதா டார்ச் அடித்தால் இப்போதைய நூல் நீலவெள்ளையாக ஒளிரும். நூலை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாயின. ஆனால் பழைய ரிப்பனைப் பாட்டி யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ரிப்பன் புதிது என்றால் சிலுவையும் புதிது என்று அர்த்தமில்லை. நூல் கிழிந்து மாற்றியிருப்பார்கள்.

அப்புறம் கதைகள். அந்தக் காலப் பிரிட்டிஷ் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். முதல் உலகப் போருக்குப் போன மெட்ராஸ் சிப்பாய்களின் பதக்கங்களில்கூட அப்படித்தான். ஜெர்மன் சிலுவையில் அரசு பெயர் பொறிப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டன் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரும் 1914 சிலுவை பெற்றவர்தான். ஆனால் 'எம்டன் மாலுமியின் சிலுவை' என்று ஒருவர் விற்க வந்தால், சிலுவையைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. வழங்கல் சான்றிதழும் ராணுவப் புத்தகமும் ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று பொருந்தும் தேதிகளோடு இருந்தால் மட்டும் கூடுதல் விலை கொடுங்கள்.

மறைமுகச் செலவு குறைவு. நாஜிச் சின்னம் இல்லாததால் விற்பது சுலபம். பார்க்க வேண்டியது உள்தகட்டின் துரு. இரும்பு துருப்பிடித்து உப்பினால் வெள்ளிச் சட்டத்தையே தள்ளிவிடும். கடலோர ஊரில் இருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வைப்பது நல்லது.

## 1918 காயப் பேட்ஜ், கறுப்பு

இரண்டாம் வில்லியம் மன்னர் 1918 மார்ச் 3-இல் தொடங்கியது. ஒன்று இரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்து முதல் தங்க நிறம். கடற்படைக்குத் தனி வடிவம், நங்கூரத்தோடு. தரைப்படைப் பேட்ஜில் லாரல் வளையத்துக்குள் குறுக்கு வாள்கள், அவற்றின் மேல் எஃகுத் தலைக்கவசம்.

விலை குறைவு, கையாளச் சுலபம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இதே பேட்ஜை 1939-இல் புதுப்பித்தபோது கவசத்தின் மேல் நாஜிச் சின்னம் சேர்த்தார்கள். 1957-க்குப் பிறகு சின்னத்தை நீக்கி மறுபடி செய்தார்கள். 'சின்னம் இல்லை, ஆகவே முதல் உலகப் போர்' என்று நினைத்து 1957 வடிவத்தை 1918 விலைக்கு வாங்குகிறவர்கள் நிறைய. கவசத்தைப் பாருங்கள். 1918 பேட்ஜில் இருப்பது 1916 மாதிரிக் கவசம். பக்கவாட்டில் கொம்பு போன்ற குமிழ் துருத்தி நிற்கும், கழுத்துப் பக்கம் ஆழமாக இறங்கும். 1957-இல் இருப்பது பின்னால் வந்த கவசம், குமிழ் இல்லாதது, அடக்கமானது. 1939 பேட்ஜில் சின்னத்தை அரத்தால் தேய்த்து எடுத்தவையும் வரும். கவசத்தின் நடுவில் மட்டும் தட்டையாக, கீறலோடு இருக்கும்.

இரும்புத் தகட்டில் அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசியது என்பதால் பெயின்டே அதன் உயிர். பழைய பெயின்ட் கவசத்தின் உச்சியிலும் இலைகளின் மேட்டிலும் உதிர்ந்து, அடியில் பழுப்பு இரும்பு தெரியும். மறுபடி அடித்ததில் இலை நரம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தடித்துத் தேங்கியிருக்கும், துருக்குழியின் மேலேயும் பெயின்ட் ஓடியிருக்கும். வெள்ளி, தங்க வகைகள் அரிது என்பதால் கறுப்பின் மேல் நிறம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. முதல் முறையாக வாங்குபவர் கறுப்போடு நின்றுகொள்வதே நல்லது.

## காலாள் படைத் தாக்குதல் பேட்ஜ், துத்தநாகம்

1939 டிசம்பர் 20-இல் தரைப்படைத் தளபதி ஃபான் பிராவ்ஹிச் உத்தரவில் வந்தது. மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதல்களில் முன்வரிசையில் நின்றவருக்கு வழங்கினார்கள். ஓக் இலை வளையம், குறுக்கே பயனெட் மாட்டிய துப்பாக்கி, மேலே கழுகும் நாஜிச் சின்னமும். காலாள் படைக்கு வெள்ளி நிறம், மோட்டார் படைக்கு வெண்கல நிறம்.

போர் தொடங்கியபோது இதை டோம்பாக்கில் செய்தார்கள். செம்பு மிகுந்த பித்தளை அது. போர் நீள நீள, செம்பு வெடிமருந்து உறைகளுக்குத் தேவைப்பட்டதால் துத்தநாகத்துக்கு மாறினார்கள். அதனால் இன்று அதிகம் கிடைப்பது துத்தநாகம்தான், பார்க்கச் சாம்பல் நிறமாக, சோகையாக இருக்கும். புதியவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பளபளப்பானதைத் தேடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. துத்தநாகத்தின் மேல் பூசிய வெள்ளி நிறம் மெல்லியது, உலோகத்தோடு வினைபுரிந்து மங்கிவிடும், பள்ளங்களில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மேடுகளில்கூட வெள்ளி மின்னும் துத்தநாகப் பேட்ஜ் ஒருபோதும் அணியாததாக இருக்க வேண்டும், அல்லது புதியதாக இருக்க வேண்டும். முதல் வகை இருக்கிறது, அரிதாக.

முன்பக்கத்தை விடப் பின்பக்கம் அதிகம் பேசும். துத்தநாகத்தில் பற்றுவைப்பு சரியாகப் பிடிக்காது என்பதால், பல தயாரிப்பாளர்கள் குத்தூசியின் கீலையும் கொக்கியையும் உலோகத்தில் குழி போட்டுச் செருகி அமுக்கினார்கள். அமுக்கிய இடத்தைச் சுற்றி உலோகம் நெளிந்திருப்பது லென்ஸில் தெரியும். அங்கே புதிய ஈயப்பற்று பளிச்சென்று தெரிந்தால் ஏதோ நடந்திருக்கிறது: உடைந்த அசலைப் பழுது பார்த்திருக்கலாம், பிரதியாகவும் இருக்கலாம். குத்தூசி பெரும்பாலும் எஃகு, காந்தம் ஒட்டும், துருவின் கறை அது படியும் இடத்தில் துத்தநாகத்தின் மேல் ஒரு நிழலாகப் பதிந்திருக்கும். பல வருடம் ஒரே இடத்தில் படிந்திருந்தால்தான் அந்த நிழல் வரும்.

கையில் நல்ல காலிப்பர் (நுண்ணளவு எடுக்கும் கருவி) இருந்தால் அளவெடுத்துக்கொள்ளுங்கள். அசலை அச்சு எடுத்து வார்த்தது ஆறும்போது சுருங்கும், அதனால் அசலை விட ஒரு இழை சிறிதாக இருக்கும். ஆனால் ஒப்பிட, அதே தயாரிப்பாளரின் உறுதியான அசலின் அளவு வேண்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் பொது அளவு ஒன்றை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. அச்சில் விழுந்த கீறலும் அப்படித்தான். ஒரு தயாரிப்பாளரின் அச்சில் விரிசல் இருந்தால் அந்த அச்சின் எல்லாப் பேட்ஜிலும் அதே இடத்தில் அதே கோடு வரும். சேகரிப்பாளர்கள் அடையாளம் பிடிப்பது இதை வைத்துத்தான். ஸூவால் போன்ற விஷயத்தில் மட்டும் அது கைகொடுக்காது, போருக்குப் பின் அடித்ததிலும் அதே கோடு இருக்கும்.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம். சட்டம் ஒன்று. பல பெரிய இணையத் தளங்கள் இதை விற்கவே விடுவதில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, உலோகமே. தரம் குறைந்த துத்தநாகத்தில் மேற்பூச்சுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும், சில வேளை உள்ளுக்குள் விரிசல் விட்டு உதிரும். கொப்புளம் தொடங்கிய பேட்ஜை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

## அதே பேட்ஜ், டோம்பாக்கில்

அழகில் இதற்கு ஈடில்லை. எடை நன்றாக இருக்கும், வெள்ளி முலாம் பல பத்தாண்டுகள் தாங்கும், இலை நரம்பு ஒவ்வொன்றும் துல்லியமாக நிற்கும். ஆனால் போலி செய்பவரின் பார்வையிலிருந்து யோசித்துப் பாருங்கள். விலை அதிகம், உலோகம் எங்கும் கிடைக்கும், முலாம் போடுவது சுலபம். நல்ல போலிகள் வருவது இந்த வரிசையில்தான். லென்ஸோடு ஒரு புதியவர் செய்கிற சோதனை எல்லாவற்றையும் அவை தாண்டிவிடும். உலோகக் கலவையைப் படிக்கும் எக்ஸ்-ரே கருவிச் சோதனையும், பெயர் தெரிந்த நிபுணரின் சான்றும் வேண்டிவரும். அந்தச் செலவையும் விலையில் கூட்டுங்கள். சான்றிதழைக்கூடப் போலி செய்கிறார்கள், அல்லது வேறொரு பேட்ஜின் சான்றை இதோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சான்றில் உள்ள படத்தின் கீறலும் கையில் உள்ளதன் கீறலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பரம்பரைக் குடும்பத்திடமிருந்து ஆவணங்களோடு வந்தால், கேள்வி கேட்காமல் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையிலிருந்து வந்தால், எடுக்கலாம். மற்றபடி இரண்டாவது மூன்றாவது வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

## 1957 வடிவங்கள்

1945 நவம்பரில் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு ராணுவச் சின்னங்களை அணியத் தடை போட்டது. 1957 ஜூலை 26 சட்டம், நாஜிச் சின்னத்தை நீக்கிய வடிவத்தில் மறுபடி அணிய மேற்கு ஜெர்மனியில் அனுமதித்தது. இரும்புச் சிலுவையில் சின்னம் இருந்த இடத்தில் ஓக் இலை வந்தது. லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லுக் போன்ற பழைய நிறுவனங்களே இவற்றைச் செய்தன. பழைய வீரர்கள் உண்மையிலேயே அணிந்தவை, ஆகவே இவற்றைப் பிரதி என்று சொல்வது சரியில்லை.

ஜெர்மனியில் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க, பள்ளிக்கூடத்தில் காட்ட, ஒரு வரிசையை முழுமையாக்க இதைவிடத் தொல்லை இல்லாத பொருள் கிடையாது. சேகரிப்பு மதிப்பு மெதுவாகத்தான் ஏறும். பின்னாளில் சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்தவை நிறையக் கலந்திருக்கின்றன, ஆகவே இங்கேயும் ஆரம்பகால மூன்று பாகச் சிலுவையைத் தேடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பொருள் | நீங்களே சோதிக்க | உலோகத்தின் ஆயுள் | சட்ட, விற்பனைத் தொல்லை | யாருக்கு |
|---|---|---|---|---|
| 1914 சிலுவை, 2-ஆம் வகுப்பு | நன்றாக முடியும் | வெள்ளி நிற்கும், உள்தகடு துருப்பிடிக்கலாம் | மிகக் குறைவு | முதல் முறை வாங்குபவர் |
| 1918 காயப் பேட்ஜ், கறுப்பு | முடியும், கவசம் தெரிந்தால் | பெயின்டைப் பொறுத்தது | மிகக் குறைவு | சின்ன பட்ஜெட் |
| தாக்குதல் பேட்ஜ், துத்தநாகம் | பின்பக்கம் பார்க்கத் தெரிந்தால் | சந்தேகம் | அதிகம் | ஒரு வருடம் பழகியவர் |
| தாக்குதல் பேட்ஜ், டோம்பாக் | கடினம், கருவியும் நிபுணரும் வேண்டும் | நன்று | அதிகம் | அனுபவசாலி |
| 1957 வடிவம் | ஓரளவு | நன்று | இல்லை | காட்சிக்கு, வரிசையை நிரப்ப |

இரண்டு உலகப் போர்களில் எதுவானாலும் சரி, கையில் பழக ஒரு மலிவான பொருள் போதும் என்பவர்கள் 1934-இல் ஹிண்டன்பர்க் பெயரால் வந்த போர்வீரர் கௌரவச் சிலுவையை எடுக்கலாம். முதல் உலகப் போர் வீரர்களுக்கு, 60 லட்சத்துக்கு மேல் வழங்கினார்கள், நாஜிச் சின்னம் கிடையாது. இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்பு வடிவம் ஒன்று தந்தார்கள்.

## அழுக்கானதா, மினுக்கியதா?

ஒரே கடையில் ஒரே வகைச் சிலுவை இரண்டு, ஒரே விலை. ஒன்றில் வெள்ளிச் சட்டம் கறுத்து, பெயின்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. இன்னொன்று மினுக்கென்று இருக்கிறது. நான் கறுத்ததைத்தான் எடுப்பேன். வெள்ளியின் மேல் வருடக்கணக்கில் படிந்த கறுப்பு மேட்டில் மெலிந்தும் பள்ளத்தில் அடர்ந்தும், நீலம் பழுப்பு என்று சாயல் மாறியும் இருக்கும். அதைப் போலியாக வரவைப்பது சுலபமில்லை. மினுக்கியதில் அந்தச் சாட்சியம் போய்விட்டது. சட்டத்தின் உட்பகுதியில் தொழிற்சாலையில் கொடுத்த பளபளப்பில்லாத பூச்சும் தேய்ந்திருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

வாங்கிக்கொண்டு வந்ததும் நம் ஊர் வழக்கத்தில் புளி, எலுமிச்சை, பிராஸோ என்று எதையும் எடுக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மரக்குச்சியால் மெல்ல நீக்கலாம். துத்தநாகத்தில் எதையும் தேய்க்கவே கூடாது. மென்மையான பிவிசி உறைகளில் போட்டு வைத்தால் அதிலிருந்து கசியும் ரசாயனம் உலோகத்தை அரிக்கும், பழைய ஓக் மர அலமாரியும் அமிலம் விடும்.

மினுக்கியதை எடுக்க ஒரே ஒரு நியாயம் உண்டு. விற்பவர் பாலிஷ் போட்டதைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்திருக்க வேண்டும். அப்படியானால் காட்சிக்கு எடுங்கள், முதலீடாக நினைக்காதீர்கள். மறுபடி பெயின்ட் அடித்த உள்தகட்டுக்கு அந்தச் சலுகையும் கிடையாது, அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

## பணம் கொடுக்கும் முன்

படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது, விளிம்பைப் பக்கவாட்டில் எடுத்த படம், குத்தூசி திறந்த நிலையில் பின்பக்கம், வளையத்தின் அருகுப் படம், தராசில் வைத்த படம், நான்கையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் விலை பேசவே வேண்டாம். அசல் இல்லை என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், கூரியர் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதானால் சுங்க வரியையும், திருப்பி அனுப்பினால் அந்த வரி திரும்பக் கிடைக்குமா என்பதையும் முன்னாலேயே விசாரியுங்கள். ஐம்பது யூரோ சிலுவைக்கு அதே அளவு செலவு ஏறுவது உண்டு. அந்த நிலையில் ஜெர்மனியில் உள்ள உறவினர் ஊருக்கு வரும்வரை காத்திருப்பது மலிவு, நாஜிச் சின்னம் இல்லாத பொருளாக இருக்கும்பட்சத்தில். சின்னம் உள்ளதை அடுத்தவர் பெட்டியில் ஏற்றிவிட்டு, விமான நிலையத்தில் அவரைப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.